பதினோரு எண்ணெய்த் தாள்கள்

சேசு மரி சூசை

சென்னை
14.6.1987

அன்புள்ள அண்ணிக்கு, புஷ்பமேரி தோத்திரம் சொல்லி எழுதுவது.

சுகமாக வந்து சேர்ந்தேன். மொரப்பூரில் ரயில் ஒன்றரை மணி நேரம் தாமதம். விடுதியில் அறை நன்றாக இருக்கிறது. அண்ணன் எப்படி இருக்கிறார்? நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

மார்ச்சில் புளி உலுக்க ஏறிய அண்ணன் மரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாமல் கிடக்கும்போது ஒரு வருஷப் பயிற்சி எனக்கு எதற்கு என்று உங்களிடம் கேட்கத்தான் அன்றைக்கு வாயைத் திறந்தேன். அதற்குள் நீங்கள் பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டுக் கண்டக்டரிடம் "போலாங்க" என்று சொல்லிவிட்டீர்கள்.

இந்த ஃபெலோஷிப் பயிற்சிக்குச் சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளிலிருந்து ஆறு நர்ஸுகளை எடுத்திருக்கிறார்கள். ஆறு மாதம் இங்கே படிப்பு. மீதி ஆறு மாதம் அவரவர் ஆஸ்பத்திரியில், படித்ததை வைத்து ஒரு வேலையை மாற்றிக் காட்ட வேண்டும். ஞானசவுந்தரி என்பவர் எங்கள் டீச்சர். முதல் நாளே, "தினமும் செய்யறீங்க, ஏன் செய்யறோம்னு தெரியாது. அப்படி ஒரு வேலையை எழுதிக் கொடுங்க" என்றார். நான் வெற்றுத் தாளைக் கொடுத்துவிட்டு வந்தேன். பதினோரு வருஷ சர்வீஸில் எனக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை.

காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்ததை மறக்காதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்ட வேண்டும். காலையும் மாலையும் முதுகிலும் இடுப்பிலும் ஸ்பிரிட் போட்டு நன்றாகத் தேய்த்துப் பவுடர் போட வேண்டும். மல்லாந்து படுக்கும்போது இடுப்புக்குக் கீழே காற்று ஊதிய அந்த ரப்பர் வளையம், ஏர் ரிங், இருக்க வேண்டும். படுக்கைப் புண் வந்துவிட்டால் ஆறுவது கஷ்டம்.

அண்ணனுக்கு என் தோத்திரம்.

இப்படிக்கு,
புஷ்பமேரி

---

சேசு மரி சூசை

இண்டூர்
28.6.1987

அன்பு நாத்தனார் புஷ்பாவுக்கு, வேளாங்கண்ணி எழுதிக்கொண்டது.

உன் கடிதம் வந்தது. நாங்கள் கர்த்தர் கிருபையில் இருக்கிறோம். உங்கண்ணன் களி சாப்பிடுகிறார். கீரை கடைந்தால் இன்னும் ஒரு வாய் கூடப் போகிறது.

பக்கத்து வீட்டு மாதம்மாள் புரட்டும்போது கை கொடுக்கிறாள். "நம்ம வூட்டு ஆம்பளையா இருந்தா பாக்க மாட்டமா" என்கிறாள். எனக்கு மணி பார்க்கும் வேலை இல்லை. பென்னாகரம் போகிற பஸ்ஸும் தர்மபுரி போகிற பஸ்ஸும் நம் வாசலைத் தாண்டும் சத்தத்தை வைத்தே புரட்டிவிடுகிறேன்.

உங்கண்ணன் கேட்டார்: "நர்ஸுக்குப் படிச்சவளுக்கு மறுபடி இன்னா படிப்பு?" நான் சொன்னேன், "உழறவன் வருஷா வருஷம் உழறான் இல்ல?"

மழை ஒரு நாள் பெய்தது. முதுகு நன்றாக இருக்கிறது. நீ படிப்பைப் பார்.

அன்புள்ள அண்ணி,
வேளாங்கண்ணி

---

சேசு மரி சூசை

சென்னை
19.7.1987

அன்புள்ள அண்ணிக்குத் தோத்திரம். இரண்டு பேர் சுகத்தையும் ஒரு வரி விடாமல் எழுதுங்கள்.

எனக்கு இப்போது பாதி நாள் நூலகத்தில் கழிகிறது. எந்த ஊர் நர்ஸ் எதைச் செய்து பார்த்தார், எத்தனை நோயாளிக்குக் குணமானது, எத்தனை பேருக்கு ஆகவில்லை என்று எழுதிய கட்டுரைகளை அகராதி வைத்துக்கொண்டு படிக்கிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகிறது.

நான் எடுத்துக்கொண்டது படுக்கைப் புண். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். நாம் செய்கிற கவனிப்பை எல்லாம் டீச்சரிடம் வரிசையாகச் சொன்னேன். "ஸ்பிரிட் போட்டுத் தேய்க்கணும்னு யார் சொன்னாங்க?" என்று கேட்டார். என் சீனியர் என்றேன். "அவங்களுக்கு யார் சொன்னாங்க?" அவருடைய சீனியர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அறைக்கு வந்தும் அந்தக் கேள்வி விடவில்லை.

அண்ணி, முதுகின் அடியில், இடுப்பு எலும்பில், குதிகாலில் சிவப்பு ஏதாவது இருக்கிறதா? விரலால் அழுத்தி எடுத்தால் சிவப்பு மறைகிறதா, அப்படியே நிற்கிறதா? பார்த்து எழுதுங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
புஷ்பமேரி

---

சேசு மரி சூசை

இண்டூர்
10.8.1987

அன்பு புஷ்பாவுக்கு அண்ணியின் ஆசீர்.

நாங்கள் சுகம். நிலக்கடலை களை எடுத்தாகிவிட்டது. மாதாவின் பரலோகத் திருநாளுக்குக் கோயிலுக்கு வெள்ளை அடிக்கிறார்கள். இந்த வருஷம் தேருக்குப் புது வடம். மாதம்மாள் மகளுக்குப் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள், உன் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து ஊர்தான். நமது கறவை மாடு கன்று போட்டது, கிடாரிக் கன்று.

சென்னைத் தண்ணீர் உப்பு என்கிறார்களே, தலைக்கு எண்ணெய் வைக்கத் தவறாதே.

உடம்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். கவலைப்படாதே. இங்கே எல்லாம் நடக்கிறது.

அண்ணி,
வேளாங்கண்ணி

---

சேசு மரி சூசை

சென்னை
29.8.1987

அன்புள்ள அண்ணிக்கு,

இருவர் நலத்துக்காகவும் தினமும் ஒரு ஜெபமாலை சொல்கிறேன். உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். கன்றுக்குட்டி இருந்தது, தேர் வடம் இருந்தது. முதுகு இல்லை.

இதைக் கவனமாகப் படியுங்கள். நான் உங்களுக்கு எழுதி வைத்துவிட்டு வந்தது தவறு. சிவந்த இடத்தைத் தேய்த்தால் அடியிலிருக்கும் சதை நசுங்கிக் கெட்டுப்போகிறது என்று அளந்து பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஸ்பிரிட் தோலை வறள வைத்து வெடிக்கச் செய்கிறது. ஏர் ரிங் அதைவிட மோசம். நடுவில் அழுத்தம் இல்லை என்று நினைத்தோம். ஆனால் வளையத்தின் விளிம்பு சுற்றிலும் அழுத்தி, நடுவிலிருக்கும் சதைக்கு ரத்தம் போகவிடாமல் செய்துவிடுகிறது. அதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். தேய்க்க வேண்டாம். புரட்டுவது மட்டும் விடாமல் நடக்கட்டும்.

பதினோரு வருஷமாக எத்தனை பேருக்கு அந்த வளையத்தை நானே காற்று ஊதிக் கொடுத்திருக்கிறேன் என்று எண்ண ஆரம்பித்தேன். எண்ண முடியவில்லை.

அண்ணன் முதுகைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதுங்கள். புண் வந்துவிட்டது என்றால் சொல்லிவிடுங்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு வந்துவிடுகிறேன்.

புஷ்பமேரி

---

(தபால் கார்டு)

சென்னை
21.9.1987

அண்ணிக்கு. சுகமா? இருபத்து மூன்று நாளாகிறது. பதில் இல்லை. டீச்சரிடம் விடுப்புக் கேட்டிருக்கிறேன். இந்த வாரத்துக்குள் கடிதம் வராவிட்டால் சனிக்கிழமை ரயில் ஏறுகிறேன்.
— புஷ்பா

---

சேசு மரி சூசை

இண்டூர்
24.9.1987

அன்பு புஷ்பாவுக்கு,

ரயில் ஏறாதே. உங்கண்ணன் நன்றாக இருக்கிறார். இந்த முறை இதை நம்பலாம். உண்மையை எழுதுகிறேன்.

நீ போன ஒரே வாரத்தில் முதுகின் அடியில் தோல் உரிந்துவிட்டது. "முதுகு நன்றாக இருக்கிறது" என்று நான் எழுதிய அன்றைக்கு அங்கே இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களைச் சேர்த்து வைத்த அளவுக்குப் புண். சொன்னால் நீ வந்துவிடுவாய். நீ வரக்கூடாது என்று நினைத்தேன். ஜூலையில் காய்ச்சல் வந்தது. இண்டூர் டாக்டர் வீட்டுக்கே வந்து ஐந்து நாள் ஊசி போட்டார். அதில் காய்ச்சல் நின்றது, புண் நிற்கவில்லை.

ஒரு நாள் அவரைப் புரட்டியபோது முதுகில் வட்டமாக ஒரு சிவப்புக் கோடு பார்த்தேன், இறுக்கமான வளையலைக் கழற்றினால் கையில் இருக்குமே அது போல. அது ஏர் ரிங்கின் விளிம்பு பட்ட இடம். நர்ஸ் சொன்னதை நான் மாற்றலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் எடுத்துவிட்டேன். நாடா வைத்துத் தைத்த இலவம் பஞ்சு மெத்தையில் போட்டு, கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை கொடுத்துக் குதிகால் எதிலும் படாமல் வைத்தேன்.

ஸ்பிரிட் விஷயத்தில் எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் இடது இடுப்பில் நீ சொன்னபடி தேய்த்தேன். வலது இடுப்பில் வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்ததோடு சரி. பத்து நாள் இப்படி. இடது பக்கம் சிவந்து தோல் வெடித்தது. வலது பக்கம் ஒன்றும் இல்லை. பதினோராம் நாள் இரண்டு பக்கமும் தேய்ப்பதை விட்டேன். இடது பக்கமும் சரியாயிற்று.

புண்ணை உப்புப் போட்டுக் காய்ச்சி ஆறிய தண்ணீரில் மட்டும் கழுவினேன். பெரிதாகிறதா சிறிதாகிறதா என்று எனக்குள்ளேயே சண்டை. ஒரு நாள் குறைந்த மாதிரி இருக்கும், மறுநாள் இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், காகிதத்தில் எண்ணெய் தடவிக் கண்ணாடி மாதிரி ஆக்கி, புண்ணுக்கு மேலே படாமல் பிடித்து, சுற்றிலும் பென்சிலால் வரைந்தேன். தேதி போட்டு வேதாகமத்துக்குள் வைத்தேன். ஜூலை 12 முதல் போன ஞாயிறு வரை பதினோரு தாள். இந்தக் கவருக்குள் வைத்திருக்கிறேன். கடைசித் தாளில் புண் ஒரு புளியங்கொட்டை அளவு.

ஏன் பதில் எழுதவில்லை என்று கேட்பாய். ஆகஸ்டில் நீ எழுதிய கடிதத்தில் ரிங்கை எடுத்துவிடு என்று இருந்தது. எடுத்துவிட்டேன் என்று எழுதினால், ஏன் எடுத்தாய், எப்போது எடுத்தாய் என்று கேட்பாய். உன் கையெழுத்தில் இருந்ததைச் செய்ததால்தான் புண் வந்தது என்று நீ நினைத்துக்கொள்வாய். அதற்குத்தான் கை வரவில்லை.

அண்ணி,
வேளாங்கண்ணி

---

சேசு மரி சூசை

சென்னை
4.10.1987

என் அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கவர் போன வாரம் சனிக்கிழமை, ரயிலுக்குக் கிளம்பும் முன்பே வந்துவிட்டது. விடுதி வராந்தாவில் நின்றுகொண்டே பிரித்தேன். முடித்ததும் மறுபடியும் முதல் வரியிலிருந்து படித்தேன்.

தாள்களை டீச்சரிடம் காட்டினேன். தேதி வரிசையில் மேசை மேல் பரப்பினார். முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை விரலால் தொட்டுக்கொண்டே போனார். மற்ற ஐந்து பேரையும் கூப்பிட்டார்.

"இது யார் செஞ்சது?"

"என் அண்ணிங்க."

"என்ன படிச்சிருக்காங்க?"

"எட்டாவது."

தாள்களை மறுபடியும் தேதி வரிசையில் அடுக்கினார். பிறகு எங்கள் எல்லாரையும் பார்த்துச் சொன்னார்: "ஒரு பக்கம் தேச்சாங்க, ஒரு பக்கம் விட்டாங்க. வாராவாரம் ஒரே நாள்ல அளந்தாங்க. கண்ணால பார்த்ததை நம்பி வழக்கத்தை விட்டாங்க. இதைத்தான் உங்களுக்கு நாலு மாசமா சொல்லித்தர முயற்சி பண்றேன்." ஒரே ஒருவர் உடம்பில் பார்த்ததை வைத்து எல்லாருக்கும் சட்டம் போட முடியாது என்றும் சொன்னார். அதை வார்டில் பலர் உடம்பில் எண்ணிப் பார்க்க வேண்டியது என் வேலை.

அண்ணி, காலண்டர் தாளில் எழுதியது நான்தான். அண்ணன் முதுகில் இருந்தது என் புண். இதை நீங்கள் மறுத்து எழுதுவீர்கள், தெரியும். ஆனாலும் மன்னிப்புக் கேட்காமல் என்னால் அடுத்த பாடத்துக்குப் போக முடியாது. மன்னித்துவிடுங்கள். அண்ணன் உயிரோடு இருப்பது உங்களால். அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

தாள்களை நான் வைத்துக்கொள்ளலாமா?

உங்கள்,
புஷ்பா

---

சேசு மரி சூசை

இண்டூர்
18.10.1987

அன்பு புஷ்பாவுக்கு ஆசீரும் முத்தமும்.

வீட்டில் எல்லாரும் சுகம். புண் மூடிவிட்டது. ரோஜா நிறத்தில் புதுத் தோல்.

மன்னிப்புக் கேட்காதே. அவரை ஆஸ்பத்திரியில் போட்ட ஐம்பது நாளில், உன் டியூட்டி முடிந்த பிறகும் கட்டிலண்டையே நின்றாய். மூத்திர டியூப் எப்படிக் கழுவுவது, கை எப்படிக் கழுவுவது, காய்ச்சல் வந்தால் எதைப் பார்ப்பது, எல்லாம் நீ சொல்லிக் கொடுத்தது. பத்துச் சொன்னாய், இரண்டு தப்பு. எட்டு இல்லாவிட்டால் ஜூலை மாதத்தை அவர் தாண்டியிருப்பாரா? நன்றி சொல்ல வேண்டியது நான்.

உன் கடிதத்தை உங்கண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். "என் முதுகு மெட்ராஸ் போயிட்டு வந்துதா" என்றார். மார்ச்சுக்குப் பிறகு அவர் சிரித்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

தாள் உனக்குத்தான்.

அண்ணி

---

சேசு மரி சூசை

பாப்பிரெட்டிப்பட்டி
24.1.1988

அன்புள்ள அண்ணிக்குத் தோத்திரம்.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது அண்ணன் உட்கார்ந்து சாப்பிட்டதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். இப்போதும் உட்கார வைக்கிறீர்களா?

இங்கே ஆரம்பம் சரியில்லை. போன வருஷ நோட்டுகளை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். பத்து நாளுக்கு மேல் படுத்திருந்தவர்கள் நாற்பத்தாறு பேர். அதில் பதினேழு பேருக்குப் புண். இத்தனை பேர் என்று எங்கள் யாருக்கும் தெரியாது, என்னையும் சேர்த்து. ரிங்கையும் ஸ்பிரிட் தேய்ப்பதையும் நிறுத்திப் பார்க்கலாம் என்று எங்கள் தலைமை நர்ஸான மேட்ரனிடம் சொன்னேன்.

"இருவது வருசமா செய்யறோம் புஷ்பம். நாங்க எல்லாரையும் கெடுத்துட்டோம்னு சொல்றியா?" என்றார். நல்ல மனுஷி, அண்ணி. எனக்கு வேலை கற்றுக் கொடுத்தவர். கட்டுரைகளைக் காட்டினேன். "வெள்ளக்காரங்க ஆஸ்பத்திரி கதை" என்று மூடி வைத்துவிட்டார். சித்தேரி மலையிலிருந்து இடுப்பு எலும்பு முறிந்த செல்லம்மாள் என்ற ஒரு அம்மா படுத்திருக்கிறார். அவருக்கும் ரிங் போட்டாயிற்று. நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

புஷ்பமேரி

---

சேசு மரி சூசை

இண்டூர்
31.1.1988

அன்பு புஷ்பாவுக்கு,

சுகம். உங்கண்ணன் தினமும் இரண்டு வேளை உட்காருகிறார்.

மேட்ரனோடு வாதாடாதே. உன் மேல் பிரியம் உள்ளவருக்கு உன்னிடம் வாதத்தில் தோற்கப் பிடிக்காது. அந்த ரிங்கின் மேல் அவரையே ஒரு மணி நேரம் அசையாமல் உட்காரச் சொல். அவருக்கு உணர்வு இருக்கிறது இல்லையா, அது பேசும்.

அண்ணி

---

சேசு மரி சூசை

பாப்பிரெட்டிப்பட்டி
27.3.1988

அன்புள்ள அண்ணிக்கு,

குருத்தோலை ஞாயிறு வாழ்த்து. இருவரும் நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். பதில் எழுத இரண்டு மாதம் ஆனதற்குக் கோபிக்க வேண்டாம். சொல்ல ஏதாவது கையில் வரட்டும் என்று இருந்தேன்.

மேட்ரன் உட்கார்ந்தார். முதலில் சிரித்தார். "உங்கண்ணி பெரிய ஆள்தான்" என்றார். இருபது நிமிஷத்தில் அசைய ஆரம்பித்தார். நாற்பதாவது நிமிஷம் எழுந்து நின்றார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "மரத்துப் போச்சு" என்றார். நேராக வார்டுக்குப் போய்ச் செல்லம்மாளின் ரிங்கைத் தன் கையாலேயே எடுத்தார்.

அன்றிலிருந்து தேய்ப்பதில்லை. ஒவ்வொரு கட்டில் தலைமாட்டிலும் புரட்டும் நேரம் எழுதிய அட்டை இருக்கிறது. படிக்கத் தெரியாத உறவுக்காரர்களுக்காக ஆயா சின்னம்மாள் சூரியன் நிற்கும் இடத்தைப் படமாகப் போட்டுக் கொடுத்தாள். புண்ணோடு வருகிறவர்களுக்கு எண்ணெய்த் தாள் வைத்து வரைகிறோம். உங்கள் பதினோரு தாளும் டியூட்டி அறைச் சுவரில் இருக்கின்றன.

எட்டு வாரத்தில் படுத்த படுக்கையாக இருந்தவர்கள் பதினான்கு பேர். ஒருவருக்குத்தான் புண். டீச்சருக்கு எழுதினேன். "சின்ன எண்ணிக்கை, அவசரப்பட்டு மகிழ வேண்டாம், வருஷம் முழுவதும் எண்ணுங்கள்" என்று பதில் வந்திருக்கிறது. எண்ணுவேன். ஆனால் செல்லம்மாள் நேற்று முதுகில் ஒரு கீறல் இல்லாமல் மலை பஸ் ஏறினார், அண்ணி. அந்த மகிழ்ச்சியை மட்டும் நான் தள்ளிப்போடவில்லை.

நன்றியுடன்,
புஷ்பமேரி

---

சேசு மரி சூசை

இண்டூர்
10.4.1988

தங்கை புஷ்பமேரிக்கு அண்ணன் பிலவேந்திரன் எழுதுவது.

சுகம். நீ சுகமாக இருக்க ஆண்டவர் துணை. நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

உன் அண்ணி எழுதாத ஒன்றை நான் எழுத வேண்டும். போன ஜூலையில் புண் நாற்றம் எடுத்தபோது, "இனிமே என்னைப் பொரட்டாத, அப்படியே வுட்டுடு" என்று அவளிடம் சொன்னேன். இரண்டு நாள் சாப்பிடவும் இல்லை. அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. பென்னாகரம் பஸ் போனது. வந்து புரட்டினாள். தர்மபுரி பஸ் போனது. வந்து புரட்டினாள். மூன்றாம் நாள் நானே களி கேட்டேன். இதை அவள் உன்னிடமும் சொல்லவில்லை, பங்குச் சாமியாரிடமும் சொல்லவில்லை. யாராவது ஒருவருக்குத் தெரிய வேண்டும்.

இந்த வருஷப் புளி அறுப்பில் பக்கத்து ஊர் மாதேஸ்வரன் விழுந்துவிட்டான். என்னைப் போலவேதான். அவன் சம்சாரம் கோவிந்தம்மாள் நேற்று வந்து வாசலில் நின்று, "எங்க வூட்டுக்கு ஒரு நடை வர்றீங்களாக்கா" என்று கேட்டது. உன் அண்ணி என்னைப் பார்த்தாள். போ என்றேன். புரட்டுவதற்கு இரண்டு ஆள் வேண்டும் என்று காட்ட மாதம்மாளையும் கூட்டிக்கொண்டு போனாள். மெத்தை தைக்க இலவம் பஞ்சும் எடுத்துப் போனாள்.

வெயில் தாழத்தான் திரும்பி வந்தாள். வந்ததும் கையைக்கூடக் கழுவாமல் ஓடி வந்து, "நாலு மணி நேரம் ஆயிடுச்சுங்களே, ஒரே பக்கமாவா கெடந்தீங்க?" என்றாள்.

இல்லை. கட்டில் சட்டத்தில் ஒரு கயிறு கட்டி வைக்கச் சொல்லியிருந்தேன், சும்மா பிடித்துக்கொள்ள. பஸ் சத்தம் கேட்டது. கயிற்றைப் பிடித்து இழுத்து நானே வலது பக்கம் புரண்டேன். அடுத்த பஸ்ஸுக்கு இடது பக்கம்.

அவள் அப்படியே கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணன்,
பிலவேந்திரன்